ஓடும் பெயர்கள்

படம் முடிந்ததும் பெயர்கள் மேலே ஓடுமே, அவற்றை நாம் படிப்பதுண்டா? நாங்களும் படித்ததில்லை, நாங்களே ஒரு படம் எடுக்கும் வரை.

1942-ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்னும் ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் உயிர் தப்பினர். இதைப்பற்றி ஊர்ப் பெரியோரிடம் கேட்டுக் குறும்படமாக்கினோம். முடிவில் 60 பெயர்கள். அவற்றை 20 விநாடியில் ஓட்டிவிட்டோம்!

ஒத்திகையன்று கதை சொன்ன பாட்டி ஒருவர், “ஏளா, எம் பேரு எப்ப வந்துச்சு?” என்றார். நாங்கள் தலைகுனிந்தோம்.

பிழை எங்கே? கணக்கில்தான். திரையின் உயரம் 1080 புள்ளிகள். பெயருக்கு 90 வீதம் 5400. திரையையும் கூட்டினால் 6480. அதை 20 விநாடியில் கடந்தால் ஒரு பெயர் திரையில் இருப்பது மூன்று விநாடிக்குச் சற்றே மேல். விநாடிக்கு 25 சட்டங்கள் என வைத்திருந்தோம், சட்டத்திற்கு 12.96 புள்ளி நகர்வு. புள்ளியைப் பின்னமாக நகர்த்தினால் எழுத்தின் விளிம்பு நடுங்கும். புரொஜெக்டரோ விநாடிக்கு 60 முறை படம் காட்டுவது. ஆகவே சில சட்டங்கள் இருமுறையும் சில மும்முறையும் தோன்றி, ஓட்டம் திக்கியது.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மெல்லிய எழுத்தில் மெய்யின் புள்ளி முதலில் மறைந்துவிடுகிறது. ‘காசிராஜன்’ என்பது ‘காசிராஜன’ ஆயிற்று!

எனவே தடித்த எழுத்திட்டோம். 30 சட்டங்களாக மாற்றினோம்; 60-இல் ஒவ்வொன்றும் சரியாக இருமுறை தோன்றும். சட்டத்திற்கு 3 புள்ளி, முழு எண். ஒரு பெயருக்கு 12 விநாடி, மொத்தம் 72. தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தானே குறைக்கும் வசதி மென்பொருளில் உண்டு; அதையும் நீக்கிச் சீராக ஓடவிட்டோம். வெண்மையைச் சிறிது மங்கச் செய்ததும் கண் கூசவில்லை.

1977-இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தொடக்க எழுத்துக்களைக் கணினியின்றி, அச்செழுத்துக்களைக் கிடத்தி, மேலே கேமராவை மெல்ல நகர்த்தி எடுத்தார்களாம். அவர்கள் பொறுமைக்கு முன் எங்கள் பாடு எம்மாத்திரம்!

விழாவில் நேரம் போதாது என்றார் சிஸ்டர். கடலலைக் காட்சியில் 52 விநாடியை வெட்டினோம். பாட்டியின் பெயரைப் பேத்தி உரக்க வாசித்தாள். வாசித்து முடித்த பின்னும் அது திரையில் இருந்தது.