செய்தியோடை ஏன் நின்றது?

காலையில் வாசலில் செய்தித்தாள் விழாவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பார். செய்தியோடை நின்றுபோனால் அப்படி யாருக்கும் தெரிவதில்லை. நேற்றிருந்த செய்தியே இன்றும் இருக்கும். பள்ளியில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை போலும் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். பள்ளியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவ்வாண்டு ஏற்ற பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வரும் இதைப் பட்டறிந்தோம்.

முதலில் இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறோம். வார்ப்புரு என்பது கொழுக்கட்டை அச்சு போன்றது. உள்ளே வைக்கும் பூரணம் நாள்தோறும் மாறலாம்; வடிவம் அச்சைப் பொறுத்தது. நாங்கள் எழுதும் அறிவிப்பு எதுவாயினும் மேலே பள்ளியின் சின்னம், இடப்புறம் பட்டியல், அடியில் முகவரி என்று பக்கத்தை அமைப்பது வார்ப்புருவே. ஓடை என்பது அதே அறிவிப்பை அலங்காரம் எதுவுமின்றி, தலைப்பு, தேதி, செய்தி என்று வரிசையாக வைப்பது. அது மனிதக் கண்ணுக்காக அன்று, திரட்டி என்னும் மென்பொருளுக்காக. வேண்டிய தளங்களின் ஓடை முகவரிகளைத் திரட்டியிடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். அதுவே போய்ப் பார்த்துப் புதியதைக் கொண்டுவந்து கொடுக்கும்.

இந்த ஆர்.எஸ்.எஸ். ஓடை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றியது. ராமநாதன் குஹா, டான் லிப்பி ஆகிய இருவரும் அதை உருவாக்கினர். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். 2000 டிசம்பரில் அடுத்த வடிவை வகுத்த குழுவில் இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14. எங்களைவிட ஒரு வயது இளையவர்! இதைப் படித்த அன்று எங்களில் ஒருத்திக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. 2013 ஜூலை 1ஆம் நாள் கூகுள் தன் திரட்டியை மூடியபோது ஓடையின் காலம் முடிந்தது என்று பலர் பேசினர். ஆனால் பாட்காஸ்ட் ஒலித்தொடர்கள் இன்றும் ஆர்.எஸ்.எஸ். ஓடை வழியாகவே கேட்பவர்களைச் சென்றடைகின்றன.

எங்கள் தளம் வாடகைக்கு எடுத்த வழங்கியில், பள்ளியே நிறுவிய வேர்ட்பிரஸ் மென்பொருளால் நடக்கிறது. பிறர் நடத்தும் இடத்தில் குடியிருந்தால் கோப்புகளில் இஷ்டம்போல் கைவைக்க முடியாது. இங்கே வைக்கலாம். ஆகவே பழுதானாலும் நாமே பார்க்க வேண்டும்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். நடுக்கடலில் இணைய இணைப்பு மெலிதாக இருக்குமாம். படங்கள் நிறைந்த பக்கம் திறப்பதற்குள் அவர் பணிக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும். ஓடையோ வெறும் எழுத்து. சிறிது நேரத்தில் வந்துவிடும். மேல்நிலையில் எந்தப் பிரிவு எடுப்பது என்று வகுப்பாசிரியையுடன் பேசுவதற்காகப் பெற்றோர் கூட்ட நாளன்று அவர் தொலைபேசியில் அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. கூட்டம் வேறு நாளுக்கு மாற்றப்பட்டிருந்தது. தளத்தில் அறிவிப்பும் போட்டிருந்தோம். அப்பா ஓடையில் பார்த்திருப்பார் என்று வீட்டிலும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். "உங்கள் பள்ளியிலிருந்து செய்தி வந்து எத்தனையோ நாள் ஆயிற்றே, விடுமுறையா?" என்று அவர் மகளைக் கேட்ட பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது நாட்கள், பதினான்கு அறிவிப்புகள்.

கணினி கற்பிக்கும் சிஸ்டரிடம் ஓடினோம். "பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, பிள்ளைகளா?" என்றார் அவர். ஆம், பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஓடையின் முகவரியை உலாவியில் நேராகத் திறந்தபோதுதான் பிழைச்செய்தி தெரிந்தது. இரண்டாம் வரி, ஆறாம் இடம், எக்ஸ்.எம்.எல். அறிவிப்பு ஆவணத்தின் தொடக்கத்தில் மட்டுமே வரலாம் என்பது அதன் பொருள்.

எங்களுக்கு விளங்கவில்லை. அறிவிப்பு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, நாங்கள் எழுதிய அறிவிப்புகளின் இரண்டாம் வரிகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்தோம்! பிறகு செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். இரண்டு மதிய இடைவேளைகள் அதில் போயின. சிஸ்டர்தான், "அச்சை மாற்றிப் பாருங்கள்" என்றார். வேர்ட்பிரஸுடன் வரும் வார்ப்புரு ஒன்றை இட்டதும் ஓடை ஓடத் தொடங்கியது. பழுது எங்கள் வார்ப்புருவில்தான் என்பது உறுதியாயிற்று. இதையே முதலில் செய்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஓடையில் வரும் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் பள்ளி அலுவலகத் தொலைபேசி எண் வரவேண்டும் என்று சிஸ்டர் விரும்பியிருந்தார். அதற்காக வார்ப்புருவின் 'ஃபங்ஷன்ஸ்' கோப்பில் சில வரிகள் சேர்த்திருந்தோம். அந்தக் கோப்பு பி.எச்.பி. மொழியில் அமைந்தது. அதில் திறப்புக் குறிக்கும் மூடும் குறிக்கும் இடையில் உள்ளதே கட்டளை. வெளியில் எது இருந்தாலும், வெற்று வரியாயினும், அது அப்படியே வழங்கியிலிருந்து வெளியே போய்விடும். மூடும் குறியை அடுத்து ஒருமுறை என்டர் தட்டினால் பி.எச்.பி. பொறுத்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு முறை தட்டியிருந்தோம். தட்டியது எங்களில் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் கோப்பு பக்கத்துக்கும் ஓடைக்கும் பொதுவானது. பக்கத்தின் தலையில் ஒரு வெற்று வரி நின்றால் உலாவி அதைப் பொருட்படுத்தாது. 1998இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். விதியோ கண்டிப்பானது. 'நான் எக்ஸ்.எம்.எல்.' என்று சொல்லும் முதல் வரிக்கு முன்னால் ஓர் இடைவெளிகூட இருத்தல் ஆகாது. பிழை கண்டால் படிக்கும் கருவி அங்கேயே நின்றுவிட வேண்டும். இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. இருவர் வேண்டும் என்றோம், இருவர் வேண்டாம் என்றோம், இன்னும் முடியவில்லை.

திருத்தியது ஒரு நிமிட வேலை. வெற்று வரிகளை நீக்கினோம். மூடும் குறியையும் எடுத்துவிட்டோம். கோப்பின் இறுதியில் அது தேவையே இல்லை. இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் வெற்று வரி நிற்கவும் இடமில்லை. கைவைக்கும் கோப்புகள் எல்லாம் சேய் வார்ப்புருவில் இருக்கட்டும் என்பது சிஸ்டர் முன்பே சொன்னது. தாய் வார்ப்புருவில் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அத்தனையும் அழிந்துபோகும்.

ஓடையைத் திறந்து பார்த்ததால் இன்னொன்றும் அகப்பட்டது. மூத்த ஆசிரியை ஒருவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்த பழைய கட்டுரைகள் சில தளத்தில் உள்ளன. பக்கத்தில் அவை அழகிய தமிழ். ஓடையில் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை! பாமினியில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவை வார்ப்புரு கொண்டுவந்து கொடுத்ததால் பக்கத்தில் தமிழாகத் தெரிந்தது. ஓடை எழுத்துருவைச் சுமப்பதில்லை. அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றும் கருவி கொம்புகளையும் கால்களையும் சில இடங்களில் பிசகவிட்டதால், உட்கார்ந்து மெய்ப்புத் திருத்த வேண்டியதாயிற்று. காலாண்டு விடுமுறையில் பாதி அதில் கழிந்தது.

ஓடை சரியானதும் பதினான்கு அறிவிப்புகளும் கப்பலுக்குப் போய்விடும் என்று மகிழ்ந்திருந்தோம். போனவை பத்து. வேர்ட்பிரஸ் ஓடையில், நாமாக மாற்றாதவரை, கடைசிப் பத்துச் செய்திகளே இருக்கும். கூட்ட நாள் மாறிய அறிவிப்பு முதல் நான்கில் ஒன்று. அது அவருக்கு வரவே இல்லை. அமைப்புப் பகுதியில் அந்த எண்ணை முப்பதாக உயர்த்தினோம். கூடினால் கப்பலின் மெல்லிய இணைப்புக்குப் பாரமாகுமே என்று எங்களில் ஒருத்தி தயங்கினாள். எங்கள் அறிவிப்புகள் நாலைந்து வரிகளே என்பதால் துணிந்தோம். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஒருத்தி ஓடையைத் திறந்து பார்க்கிறாள்.

வகுப்பாசிரியை அவருக்காக வேறொரு நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தார். அதையும் ஓர் அறிவிப்பாக ஓடையில் விட்டோம். குறித்த நாளன்று மாலை நான்கு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.