காண்ட்ராக்டர் ஏமாற்றினால் பணம் திரும்பக் கிடைக்குமா?
நம்பிக்கைகளும் உண்மைகளும்

பி.எஃப். பணம், நகைக் கடன், வங்கிக் கடன் எல்லாம் சேர்த்துத்தான் நம்மில் பலர் வீடு கட்டுகிறோம். பேஸ்மென்ட் முடிந்ததும் இவ்வளவு, லிண்டல் வந்ததும் இவ்வளவு, ரூஃப் போட்டதும் இவ்வளவு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் வேலை நின்றுவிடும். காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். அல்லது குடிபோன முதல் மழையிலேயே தளம் ஒழுகத் தொடங்கும்.

அந்த நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பாதி தவறு. போனது போனதுதான் என்பதும் தவறு. ஒரு புகார் எழுதினால் முழுப் பணமும் வந்துவிடும் என்பதும் தவறு. எவ்வளவு மீளும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டு: கையில் என்ன ஆதாரம் இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சரியான இடத்துக்குப் போனீர்கள்.

நம்பிக்கை 1: எழுத்து ஒப்பந்தம் போடவில்லை, அதனால் வழக்கே நிற்காது.

உண்மை: வாய்மொழி ஒப்பந்தமும் இந்தியச் சட்டப்படி ஒப்பந்தமே. அதை நிரூபிப்பதுதான் கடினம். சதுர அடிக்கு என்ன விலை என்று எழுதித் தந்த எஸ்டிமேட், வங்கிக் கணக்கிலிருந்து போன தொகைகள், ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல், ஒப்புதல் பெற்ற வரைபடம், சிமென்ட் கடை பில் எல்லாம் சேர்ந்து ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆவது பிரிவுப்படியான சான்றிதழையும் இணைப்பது நல்லது. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால், "இதுவரை இவ்வளவு கொடுத்திருக்கிறேன்" என்று இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் மறுக்காமல் பதில் போட்டால் அதுவே உதவும்.

நம்பிக்கை 2: போலீஸில் புகார் கொடுத்தால் பணத்தை வாங்கித் தந்துவிடுவார்கள்.

உண்மை: பணம் வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலை அல்ல. ஒப்பந்தத்தை மீறியது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அட்வான்ஸ் வாங்கி வேலையே தொடங்காதவர், பொய்யான பெயரில் வந்தவர், போலி பில் காட்டிப் பணம் கறந்தவர் ஆகியோர் மீது நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் ஆகிய பிரிவுகளில் புகார் தரலாம். 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களுக்கு அவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகள். புகார் தந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி இழப்பீட்டு வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டப்பஞ்சாயத்துக்காரர்களிடம் போவதோ உங்களையே குற்றவாளி ஆக்கிவிடக்கூடும்.

நம்பிக்கை 3: வீடு என்றாலே ரெராதான்.

உண்மை: ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விற்பனைக்காகக் கட்டப்படும் அடுக்குமாடி, மனைத் திட்டங்களுக்கானது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. உங்கள் சொந்த மனையில் உங்களுக்காக வீடு கட்டித்தர வந்த காண்ட்ராக்டர் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்.

பில்டரிடம் பிளாட் வாங்கியவருக்கு அது வலுவான ஆயுதம். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. பழைய வீட்டை ஜாயிண்ட் வென்ச்சருக்குக் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். நிலம் தந்து அதற்குப் பதிலாகத் தளம் பெறும் உரிமையாளரும் நுகர்வோர்தான் என்று 2008-இல் ஃபகீர் சந்த் குலாத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நம்பிக்கை 4: கோர்ட்டுக்குப் போனால் போன பணத்தைவிடச் செலவு அதிகம்.

உண்மை: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்குள் வீட்டுக் கட்டுமானமும் அடங்கும். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். அதே நேரத்தில் தமிழ்நாட்டு சிவில் நீதிமன்றத்தில் 10 லட்சம் கேட்டு வழக்குப் போட 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் கோர்ட் கட்டணம்.

காண்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் வழி கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுப்பதுண்டு.

நம்பிக்கை 5: கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம்.

உண்மை: பல வழக்குகள் இந்த இடத்தில்தான் பலவீனமாகின்றன. சட்டம் தருவது உங்கள் உண்மையான நஷ்டத்தை. ஒரு கணக்குப் பார்ப்போம். பேசிய தொகை 40 லட்சம். கொடுத்தது 28 லட்சம். நடந்த வேலையின் மதிப்பு 19 லட்சம் என்று பொறியாளர் சொல்கிறார். மிச்ச வேலையை வேறொருவர் முடித்துத்தர 24 லட்சம் ஆகும். முழு 28 லட்சத்தையும் கேட்டால் நிற்காது, ஏனென்றால் 19 லட்ச ரூபாய் வேலை உங்கள் மனையில் நிற்கிறது. கூடுதலாக வாங்கிய 9 லட்சத்தை மட்டும் கேட்டால் உங்களுக்கு நஷ்டம். 40 லட்சத்தில் முடிய வேண்டிய வீட்டுக்கு 28-ம் 24-ம் சேர்ந்து 52 லட்சம் ஆகிறது. ஆகவே நஷ்டம் 12 லட்சம். அதோடு தாமதத்தால் கொடுத்த வாடகை, வட்டி ஆகியவற்றையும் ஆதாரத்துடன் கேட்கலாம். இந்தக் கணக்கை மதிப்பீட்டு அறிக்கையோடு வைக்கும்போது எதிர்த்தரப்பு பேரம் பேசவாவது முன்வரும்.

நம்பிக்கை 6: முதலில் இடித்துச் சரிசெய்துவிடுவோம், வழக்கைப் பிறகு பார்க்கலாம்.

உண்மை: இடிக்கும்போது ஆதாரமும் சேர்ந்து போய்விடும். முதலில் தேதியுடன் படமும் வீடியோவும் எடுங்கள். காண்ட்ராக்டருக்குத் தொடர்பில்லாத பொறியாளரைக் கூப்பிட்டு, குறை என்ன, காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். காங்கிரீட்டின் வலிமையில் சந்தேகம் இருந்தால் ரீபவுண்ட் ஹேமர், கோர் டெஸ்ட் போன்ற சோதனைகள் உண்டு. பிறகு, "குறிப்பிட்ட நாளுக்குள் வந்து சரிசெய்யாவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்துச் செலவை உங்களிடம் வசூலிப்பேன்" என்று காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போட்டால் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். அதற்காக ஒழுகும் வீட்டில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நஷ்டம் பெருகாமல் நியாயமான நடவடிக்கை எடுப்பதைச் சட்டமும் எதிர்பார்க்கிறது.

நம்பிக்கை 7: லோன் கொடுத்த பேங்க் இன்ஜினியர் பார்த்தாரே, பேங்க் பொறுப்பேற்கும்.

உண்மை: அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றுதான். வேலை நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது. தீ, புயல், வெள்ளத்துக்கான வீட்டு இன்சூரன்ஸும் மோசமான கட்டுமான வேலைக்குப் பணம் தராது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: தகராறு தெரிந்த அன்றே அடுத்த தவணையை விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

நம்பிக்கை 8: தந்துவிடுகிறேன் என்று சொல்கிறார், பொறுத்துப் பார்க்கலாம்.

உண்மை: அவர் வாயால் சொல்லும் ஒவ்வொரு "அடுத்த மாசம் சார்"-இன்போதும் உங்கள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு, சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. பொறுப்பதானால் எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். செக் கொடுத்து அது திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடும் தர உத்தரவிடலாம்.

நம்பிக்கை 9: தீர்ப்பு வந்தால் பணம் வந்த மாதிரி.

உண்மை: தீர்ப்பு பாதி வழி. மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்தால் உத்தரவான தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது உங்களுக்குச் சாதகம். கட்டாமல் ஒளிந்தால் நிறைவேற்று மனு போட்டு வங்கிக் கணக்கையும் சொத்தையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் அவர் பெயரில் சொத்தே இல்லையென்றால் வசூல் கடினம். ஆகவே வழக்குப் போடும் முன்பே அவரது சட்டப்பூர்வமான பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், கூட்டாளிகள் பெயர், சொத்து விவரம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். விசிட்டிங் கார்டில் இருந்த பெயர் மீது மட்டும் பெற்ற தீர்ப்பை வசூலிப்பது கடினம். சமரசத்துக்கு அவர் இறங்கி வந்தால், ஊர்ப் பெரியவர் முன்னால் பேசி முடிக்காமல் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அந்த உத்தரவுக்குத் தீர்ப்பாணையின் வலிமை உண்டு, மேல்முறையீடும் கிடையாது.

ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஒரு வீட்டில் வாங்கிய அட்வான்ஸை எடுத்து அடுத்த வீட்டில் போடும் காண்ட்ராக்டருக்கு அந்த மௌனம்தான் முதல். உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி நின்றுபோன வேலை இருந்தால் இந்த வாரமே மூன்றைச் செய்யுங்கள்: கொடுத்த பணத்தின் பட்டியல், பொறியாளரின் மதிப்பீட்டு அறிக்கை, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். இந்த மூன்றும் கையில் இருக்கிறவரோடு பேசும்போது காண்ட்ராக்டரின் குரலும் மாறும், ஆணையத்தில் வழக்கின் போக்கும் மாறும்.