மூச்சை எண்ணத் தெரிந்தவர்கள்



பயிற்சி வகுப்பு என்றாலே நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது தேத்தண்ணி, பணிஸ், ஒரு கொப்பி, ஒரு பேனை, கடைசியில் ஒரு சான்றிதழ். படிப்பித்தவங்க வாகனம் ஏறிப் போயிட்டா அதோடு சரி. அப்படி முடிந்து போகாத ஒரு பயிற்சியைப் பற்றித்தான் இம்முறை பாடம்.

இது நடந்தது இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில். காடும் ஆறும் நிறைந்த பிரதேசம். கோண்டு என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 1980களின் நடுவில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதியர் அங்கே குடியேறி, 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் வர மாட்டேங்கிறீங்க என்று அவர்கள் சனங்களிடம் கேட்டார்கள். வந்த பதிலைக் கேளுங்கள். "நீங்க எல்லாரும் வெள்ளை உடுப்பு போடுறீங்க. நாங்க பிணத்துக்குத்தான் வெள்ளை சுத்துவோம். நோயாளியை உள்ளே வைச்சிக்கிட்டு சொந்தக்காரரை வெளியே அனுப்புறீங்க. உங்க ஆஸ்பத்திரிக்குச் சாமி எங்கே?" டாக்டர்மார் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கோண்டு கிராமம் போலவே குடில் குடிலாக ஆஸ்பத்திரி கட்டி, உறவினர் தங்க இடம் விட்டு, அந்தச் சனங்களின் தெய்வமான தந்தேஸ்வரி அம்மன் பெயரையே அதற்கு வைத்தார்கள். சாராயத்தை நிறுத்தணும் என்று அங்குள்ள பெண்கள் போராடியபோதும் இவர்கள் கூடவே நின்றார்கள். 1993இல் அந்த மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. (நம் பக்கத்துப் பெண்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும்!)

இனி பாடத்துக்கு வருவோம். அங்கே சின்னப் பிள்ளைகள் நியூமோனியாவில், அதாவது நெஞ்சுச் சளி முற்றி, நிறையப் பேர் இறந்தார்கள். டாக்டர் தூரம், பிள்ளைக்கு நேரம் இல்லை. ஆகவே கிராமத்து ஆட்களுக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிகளுக்கும் இந்த நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கப் பழக்கினார்கள். அதில் ஒரு சிக்கல். நியூமோனியாவைக் கண்டுபிடிக்க மூச்சை எண்ண வேண்டும். அந்த மருத்துவிச்சிகள் பலருக்கு ஐம்பது, அறுபது வரை எண்ண வராது.

அதற்கு அவர்கள் ஒரு சின்னக் கருவி செய்தார்கள். ஒரு நிமிஷத்தில் மணல் இறங்கி முடியும் கண்ணாடிக் குடுவை, பக்கத்தில் கம்பியில் கோர்த்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். பத்து வரை எண்ண யாருக்குத் தெரியாது? மணல் முடியும் முன்னே சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. படிப்பில்லை என்று யாரையும் ஒதுக்காமல், அவர்கள் கைக்கு ஏற்றபடி கருவியை மாற்றினார்கள் பாருங்கள், எங்களுக்கு அதுதான் பிடித்தது.

அடுத்து, பிறந்த குழந்தைகள். 39 கிராமங்களில் கொஞ்சம் படித்த உள்ளூர்ப் பெண்களைத் தெரிவு செய்து, குழந்தையை நிறுக்க, சூடாக வைக்க, தாய்ப்பால் கொடுக்க உதவ, கிருமி நோயை அடையாளம் கண்டு மருந்து கொடுக்கப் பயிற்றினார்கள். டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் போய் அவர்கள் வேலையைப் பார்த்துத் திருத்தினார். ஆயிரம் குழந்தைக்கு 62 ஆக இருந்த முதல் மாதச் சாவு, 1997-98இல் ஏறக்குறைய 25 ஆகக் குறைந்தது. பிறகு இந்திய அரசாங்கமே 2011இல் இந்த முறையை நாடு முழுதும் உள்ள கிராமச் சுகாதாரப் பெண்களின் வேலையில் சேர்த்தது.

நம் தோட்டங்களின் நிலைமை வேறு. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, மிட்வைஃப் அம்மா லயத்துக்கு வருகிறார். ஊசி மருந்தெல்லாம் நம் வேலை இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாள் வருகை இருக்கிறதே, அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். பயிற்சிக்கு ஆள் கேட்டால், அடுத்த வருஷம் கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளையை அனுப்புவதைவிட, பிள்ளைக்காம்பரா ஆயாவையோ, ராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிற அக்காவையோ அனுப்புவது நல்லது என்பது எங்கள் எண்ணம். அன்றைக்கு அவருக்குப் பேர் விழுமா என்பதையும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பேரை விட்டுப் படிக்க யாரால் முடியும்?

அதுவரை மூச்சு எண்ண எல்லோரும் பழகலாம். இருமலும் தடிமலும் உள்ள பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று. மணிக்கூட்டைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தரம் எண்ணுங்கள், மறுபடியும் அப்படியே இருந்தால் ஆபத்து. இரண்டு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கைத் தொட்டாலே விடியட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பிள்ளை மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால், பால் குடிக்காமல் இருந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், அப்போது எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். தைலம் தேய்த்துப் பார்ப்பதும் வேண்டாம். பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்குங்கள். ஒருத்தர் லொறிக்கோ ஓட்டோவுக்கோ ஓடட்டும். கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுங்கள்.