பால்வெட்டுக்குப் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, இந்த மாதம் பால்வெட்டுக்குப் பேர் பதிந்திருக்கிறாயாம். கத்தி பிடிக்கக் கங்காணி சொல்லித் தருவார், நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். குருகொட ஓயா ஓடுகிற ருவான்வெல்லையில், கேட்காமலே மழை கொட்டுகிற ஊரில், தண்ணீரைப் பற்றி என்ன சொல்லக் கிடக்கு என்று சிரிக்காதே.

விடியக்காலையிலேயே ஏன் வெட்டச் சொல்கிறார்கள்? றப்பர் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரவெல்லாம் வேர் உறிஞ்சியது பட்டைக்குள் அழுத்தமாக நிற்கும். கத்தி பட்டதும் பால் ஓடும். வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிவிடும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

மரமே தண்ணீர் குடித்துவிட்டு நிற்கிறது, நீ வெறும் பிளேன்டியோடு மேடு ஏறாதே. புறப்படும் முன் ஒரு கோப்பை கொதித்தாறிய தண்ணீர் குடி, ஒரு போத்தலும் எடுத்துக்கொள். மலையில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. நானும் அப்படி இருந்து, நீர்க்கடுப்பில் ஒரு வாரம் சுருண்டு கிடந்தேன். அந்த வாரச் சம்பளமும் போனது.

வேர்வை காயும்போதுதான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். நம் பக்கத்துப் புழுக்கத்தில் வேர்வை காய்வதில்லை, சும்மா வழிகிறது. தலை சுற்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டாதே. நிழலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, விசிறிக்கொள்.

இனி பால் ஏந்துகிற சிரட்டை. மழையால் வெட்டு நின்ற நாளில் மரத்துக்கு மரம் தண்ணீர் நிறைந்து கிடக்கும். தண்ணீரின் மேற்பரப்பு தோல் மாதிரி இழுபட்டு நிற்கும் அல்லவா, பூச்சிகள் அதன் மேல் நடக்கிறதைப் பார்த்திருப்பாய். நுளம்புக் குடம்பி வால் பக்கத்துக் குழாயை அந்தத் தோலில் செருகி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூச்சு விடும். டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் தாராளம். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வை. லயத்துப் பீப்பாய்த் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கம் உரசிக் கழுவு. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது.

பீலித் தண்ணீர் கலங்கலாக வந்தால் தெளியவைத்து, துணியில் வடித்து, பிறகு கொதிக்கவை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அரைமணி நேரம் எரிப்பது விறகுக்குத்தான் கேடு.

சின்னவனுக்கு வயிற்றால் போனால் வெறும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதே. உப்பும் சீனியும் சரியான அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை நன்றாக உள்ளே இழுக்கும். அப்படிக் கலந்து வருகிற ஜீவனி பெக்கட்டை வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுக்கே தண்ணீர் ஊற்று. கூட்டாதே, குறைக்காதே. ஒரு நாள் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடு.

கடைசியாக ஒன்று. ஒரு சதுர மீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர், அதாவது 100 கிலோ. அதில் மண் குடிக்கிற பங்கெல்லாம் மலைச்சரிவுக்குப் பாரம், போதாததற்கு மண்ணின் பிடியையும் தளர்த்திவிடும். 2016 மே 17ஆம் திகதி நம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊரையே மூடியது, பல நாள் விடாமழைக்குப் பிறகுதான். அடைமழையில் பீலித் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ, நின்றே போனாலோ, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பினாலோ, யாரும் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதே. பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியேறு. போகிற வழியில் பக்கத்துக் காம்பராக் கதவையும் தட்டு.