பாலூட்டும் தாயின் ஆகாரம்

காஞ்சிமாநகரினின்று உத்திரமேரூர் நோக்கித் தெற்கே செல்வோர் பாலாற்றைக் கடக்குமுன் ஓரிக்கை என்னும் ஊரைக் காண்பர். திருமழிசையாழ்வாரும் அவர் மாணாக்கராகிய கணிகண்ணரும் கச்சியை விட்டு நீங்கியகாலை, திருவெஃகாப் பெருமாளும் உடனெழுந்தருளி ஓரிரவு தங்கிய இடமாதலின், ‘ஓரிரவிருக்கை’ என்பது ஓரிக்கையென மருவிற்றென்பர் வைணவப் பெரியோர். அக்கணிகண்ணரின் பிறப்பைக் குறித்தும் ஒரு வரலாறு வழங்குகின்றது. பிள்ளைப்பேறில்லா முதிய தம்பதிகள் ஆழ்வாருக்குப் பாலமுது கொணர்ந்தனர். அவர் உண்டு எஞ்சியதைத் தாம் பருகவே, இளமை மீண்டு அம்மகவைப் பெற்றனராம். கதையின் மெய்ம்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. மகவு வருமுன் பெற்றோர் வாயில் உணவு சென்றதென அது கூறுவதே நம் கருத்தைக் கவர்ந்தது. நம் இல்லங்கள் பலவற்றிலோ, பிள்ளை பெற்றவளுக்கே உணவைக் குறைக்கின்றோம்.

இதற்குப் பத்தியம் என்று பெயர். அதனை முழுவதும் பழிப்பது அறிவுடைமையாகாது. தாய்க்கு நாற்பது நாள் ஓய்வு தருதல் மிக நன்று. பூண்டுக் குழம்பும், பால்சுறாப் புட்டும், நல்லெண்ணெயும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய மருந்தும் அவளுக்கு வலிவு தருவனவேயன்றித் தீங்கு செய்வன அல்ல. ஆனால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், மாந்தம் வரும் என்றஞ்சித் தயிரையும், கனிகளையும், கீரையையும் விலக்கி, மிளகு ரசமும் சோறுமே இடுவதும், தாகமெடுத்தபோதும் தண்ணீரை அளந்து கொடுப்பதும் எவ்வாற்றானும் பொருந்தா. தாய் தயிருண்டமையாற் சேய்க்குச் சளி பிடிப்பதில்லை.

பின், இவ்வழக்கம் இத்தனை காலம் நிலைத்ததெங்ஙனம்? அரைவயிறு உண்டவளுக்கும் பால் சுரப்பதே காரணமாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் பாலை ஒரு தாய் ஈகின்றாள்; அதிலடங்கிய ஆற்றல் 500 கலோரியளவினது. குன்னூரிலிருந்த ஊட்ட ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டாக்டர் சி. கோபாலன் அவர்கள் வறிய தாயரின் பாலை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டார். நல்லுணவு பெறாத அத்தாயரும் தம் மக்களுக்குத் திங்கள் பலவாகப் பாலூட்டி வந்தனர். ஆகாரம் போதாதவிடத்து உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பாலாக்குகின்றது. சுண்ணாம்புச் சத்தை எலும்பினின்று எடுக்கின்றது. சேய் பருத்து வருவதைக் கண்டு வீட்டார் மகிழ்கின்றனர்; தாய் இளைத்து வருவதைப் ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்று கூறி அமைகின்றனர். செலவு யார் கணக்கிலென்று ஒருவரும் பார்ப்பதில்லை.

எனினும், எல்லாச் சத்துக்களையும் தாயுடல் இங்ஙனம் ஈடுசெய்ய இயலாது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. ஓரிக்கையைத் தொட்டோடும் அப்பாலாற்றின் வழியே மேற்கே சென்றால் வேலூரை அடையலாம். அங்கே ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப்பணி, பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரி மருத்துவர்களாகிய ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் என்போர் 1962இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாய்ப்பாலையே உண்டு வளர்ந்த சில சிசுக்கள், கற்ற சிரிப்பையும் உட்காருதலையும் மறந்து, சோர்ந்து, தோல் கறுத்து, இரத்தம் குன்றிக் கிடந்தன. ஆய்ந்து பார்க்கையில், அத்தாயர் உணவிலும் பாலிலும் பி12 என்னும் ஜீவசத்து மிகக் குறைந்திருந்தது. அச்சத்தை அளித்தபின் குழவிகள் தெளிந்தன. பால் குறையவில்லை, பாலினுள் இருக்கவேண்டியதொன்று இல்லை. கண்ணால் காணலாகாத குறையாதலின், எந்தப் பாட்டியும் அதை அறிந்திருக்க வழியில்லை.

நாற்பது நாட் பத்தியத்தால் மட்டும் இக்குறை நேர்வதன்று. ஆண்டுக்கணக்கான குறையுணவால் நேர்வது. ஆயினும் பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலன்றிக் காய்கறி தானியங்களில் இல்லை. ஆதலின் புலால் உண்ணாத வீட்டில், அச்சத்துக்கு வாயிலாகிய தயிரையே பத்தியத்தின் பெயரால் நீக்குவது எத்துணைப் பேதைமை! பாலும் கொள்ளாதவர் மருத்துவரை அணுகி மாத்திரை பெறுதல் வேண்டும்.

இனி, உண்ணவேண்டியது யாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020இல் வகுத்த அளவின்படி, முதல் ஆறு திங்களில் தாய்க்கு வழக்கத்தினும் 600 கலோரியும், ஏறத்தாழ 17 கிராம் புரதமும் மிகுதியாக வேண்டும். இஃது இருமடங்கு உணவன்று. ஒரு சிறு வேளைச் சாப்பாடு. உத்திரமேரூர்ப் பக்கத்தில் விளையும் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கேழ்வரகுக் கூழோ களியோ, முருங்கைக்கீரை சேர்ந்த பருப்பு, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர் என்றிவையே போதும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துண்டு. விலையுயர்ந்த டப்பாப் பொடிகள் வேண்டா. தண்ணீரைத் தாகத்துக்கேற்பக் குடிக்கவிடுக. வற்புறுத்திக் குடிப்பித்தால் பால் பெருகாது. பாலைப் பெருக்குவது குழந்தை அடிக்கடி சுவைத்துக் குடித்தலேயாம்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களுள் ஆடவர், இது பெண்டிர் பேச்சென்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. சந்தைக்குச் செல்வதும் பணத்தை எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையேயன்றோ? எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாயாயிருப்பின், மேற்கூறிய கணக்கெல்லாம் ஏட்டளவே.

அரசினரும் சில உதவி செய்கின்றனர். பேற்றுக்குப்பின் ஆறு திங்கள் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாய்க் கிடைக்கும். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காது வெவ்வேறு வேளைகளில் உண்ணவேண்டும். அங்கன்வாடியிற் பாலூட்டும் தாயர்க்குச் சத்துமாவு தருவர். அம்மாவு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் எல்லோர்க்கும் கஞ்சியாகி இரண்டு நாளில் தீர்ந்துவிடுதல் உண்டு. அதனைத் தாய்க்கென்று தனிக் கலத்திலிட்டு, அவள் கைக்கெட்டும் இடத்தில் வைப்பாராக.