மாலத்தீவுக் கடலுக்கு ஒரே சீசனா?

மாலத்தீவுக்கு ஸ்கூபா டைவிங் போகலாம் என்று முடிவெடுத்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சீசன் எப்போது?” பயண ஏஜென்டும் யோசிக்காமல், “டிசம்பர் முதல் ஏப்ரல் வரை” என்று சொல்லிவிடுகிறார். கடற்கரையில் வெயில் காய வருகிறவருக்கு அது போதும். தண்ணீருக்கு அடியில் போகிறவருக்கு அது பாதி பதில்தான். அந்தப் பாதி பதிலை நம்பி, வருடக்கணக்கில் சேர்த்த பணத்தோடு தவறான மாதத்தில் தவறான தீவில் போய் இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நம்பிக்கை: டிசம்பர்–ஏப்ரல்தான் நல்ல காலம். மற்ற மாதங்களில் போவது வீண்.

மாலத்தீவு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 1,200 தீவுகள் 26 பவழ வளையங்களில் அமைந்திருக்கின்றன. இந்த வளையங்களைத்தான் அட்டோல் என்கிறோம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே கடலும் ஓடும். முதல் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக, இரண்டாவதில் மேற்கிலிருந்து கிழக்காக. தினசரி ஏற்றவற்றம் தன் போக்கில் இருக்கும் என்றாலும், பருவத்தின் நீரோட்டம்தான் மேலோங்கி நிற்கும்.

அட்டோலின் விளிம்பில் ஆங்காங்கே ஆழமான வாய்கள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அவற்றைக் ‘கண்டு’ என்பார்கள். பெருங்கடலின் தெளிந்த நீர், காற்று வரும் பக்கத்துக் கண்டுகள் வழியாக உள்ளே நுழைகிறது. அங்கே முப்பது மீட்டர் தூரம்வரை கண்ணுக்குத் தெரியும். சுறாக்களும் புள்ளித் திருக்கைகளும் அந்த வாசலில்தான் வந்து நிற்கும். அதே நீர் உள்ளே இருக்கும் காயலைக் கடந்து, மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வெளியேறும்போது கலங்கியிருக்கும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் தெரியாது. ஆனால் மான்ட்டா என்னும் பெரிய திருக்கைகளுக்கு அந்தக் கலங்கலில்தான் தீனி.

பொங்கல் விடுமுறையில் போகிறவர் தெளிந்த நீரும் சுறாவும் வேண்டுமென்றால் வாவு அட்டோலின் கிழக்கோரத்தில் இருக்கும் ஃபொத்தேயோ கண்டு போன்ற இடங்களைத் தேட வேண்டும். அதே ஜனவரியில் மான்ட்டா வேண்டுமென்றால் தெற்கு ஆரி அட்டோலின் மேற்கு விளிம்பில் ரங்காலி மடிவரு. ஆகஸ்டில் போகிறவருக்கு எல்லாம் தலைகீழ். அப்போது மான்ட்டாக்கள் வடக்கு மாலே அட்டோலின் கிழக்கே லங்கன் ரீஃபுக்கு வந்திருக்கும். அங்கே ஒரு பவழப்பாறையின் மேல் மான்ட்டா அசையாமல் மிதப்பதைப் பார்க்கலாம். விரல் நீள மீன்கள் அதன் செவுள்களுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். ஒன்று நகர்ந்தால் அடுத்தது வந்து நிற்கும். சீசன் இல்லை என்று பலரும் ஒதுக்கிவைக்கும் மாதங்களில் கிடைக்கும் காட்சி இது.

நம்பிக்கை: பெரிய உயிரினங்களைப் பார்க்கச் சிலிண்டர் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பா அட்டோலில் ஹனிஃபாரு என்றொரு சிறிய விரிகுடா இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை மான்ட்டாக்கள் கூட்டமாக வந்து மேயும் இடம் இது. பா அட்டோலை யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2012 முதல் ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்குத் தடை. முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டும்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேர் நீரில் இறங்கலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தத் தடை இல்லாமல் போயிருந்தால் இன்று அங்கே மான்ட்டாவே இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இங்கே நம் வீட்டுத் தினசரி காலண்டருக்கும் வேலை இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும். அந்த ஓட்டம் மிதவை உயிரிகளை விரிகுடாவுக்குள் தள்ளி அடைத்துவிடும். வாயை அகலத் திறந்தபடி மான்ட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிடுவது பெரும்பாலும் அப்போதுதான். காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் இந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. அறை வாடகையும் அப்போது குறைவு.

திமிங்கலச் சுறாவைப் பார்க்கவும் சிலிண்டர் தேவையில்லை. தெற்கு ஆரியின் வெளிப்புறப் பவழத்திட்டில் ஆண்டு முழுவதும் அது தென்படுகிறது. மேல்மட்டத்திலேயே நீந்துவதால், பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் சிலிண்டர் இல்லாமலேயே பார்க்கிறார்கள்.

நம்பிக்கை: மழை பெய்தால் டைவிங் போச்சு.

கீழே இருப்பவருக்கு மழை தெரியவே தெரியாது. தொல்லை தருவது காற்றுதான். அலை உயர்ந்தால் படகு வெளிப்புறத் திட்டுக்குப் போகாது; போனாலும் ஏறி இறங்குவது கஷ்டம். ஜூனில் காற்று ஓங்கி அடிக்கும் நாட்களும் உண்டு, நாள் கணக்கில் வெயில் அடிப்பதும் உண்டு. அங்குள்ள மீனவர்கள் ஆண்டை வெறும் இரண்டு பருவமாகப் பார்க்கவில்லை. நம் பஞ்சாங்கத்தில் உள்ள அதே 27 நட்சத்திரங்களின்படி, பதின்மூன்று பதினான்கு நாள் கொண்ட ‘நகை’களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்று இப்படி, கடல் இப்படி என்று கணித்து வைத்திருக்கிறார்கள். அந்த நுணுக்கத்தில் கொஞ்சமாவது நமக்கும் வேண்டும்.

நம்பிக்கை: பேர் பெற்ற இடத்துக்குப் போனால்தான் போன பலன்.

இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. பேர் பெற்ற இடங்களில் பலவும் கண்டுகள்தான். கண்டு டைவ் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தோணி கண்டுவின் வாய்க்கு வந்ததும் வழிகாட்டி முதலில் தனியாகக் குதித்து, நீர் உள்ளே ஓடுகிறதா வெளியே ஓடுகிறதா, எவ்வளவு வேகம் என்று பார்த்துவிட்டு மேலே வருவார். அவர் கை காட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து, மேலே மிதந்து நிற்காமல் நேராக அடிக்கு இறங்க வேண்டும். பத்து நொடி தாமதித்தால் ஓட்டம் உங்களை வேறெங்கோ கொண்டுபோயிருக்கும். அடியில் கண்டுவின் உதட்டில் உயிரில்லாத பாறையாகப் பார்த்து, கயிறு கட்டிய கொக்கியை மாட்டி, கயிற்றின் மறுமுனையில் கொடி போல ஆடிக்கொண்டு சுறாக்களைப் பார்க்க வேண்டும். அப்போது மூச்சு வாங்கும். சிலிண்டரில் காற்று மளமளவென்று இறங்கும்.

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கியவரின் எல்லை 18 மீட்டர். கண்டுவின் உதடு பல இடங்களில் 25, 30 மீட்டரில் இருக்கிறது. மாலத்தீவு விதிப்படி பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டருக்குக் கீழே அனுமதி இல்லை. புதிதாகக் கற்றவர் முதல் பயணத்திலேயே அங்கே போகக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. காயலுக்குள் இருக்கும் அமைதியான திட்டுகளும், தங்கும் தீவை ஒட்டிய பவழத்திட்டும் அவருக்குப் போதும். ஆமையும் கோமாளி மீனும் அங்கேயே இருக்கின்றன. நீச்சல் தெரியாதவர்கூடப் பயிற்றுநரின் கையைப் பிடித்து ஒரு அறிமுக டைவ் செய்துவிடலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: ரிசார்ட் பணம் இல்லாதவருக்கு மாலத்தீவு இல்லை.

2009க்குப் பிறகு, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. ஹனிஃபாருவுக்குப் பக்கத்தில் தரவந்தூ, திமிங்கலச் சுறாவுக்குத் திகுரா. ஆனால் தீவில் தங்கினால், படகு ஒரு மணி நேரத்தில் எட்டும் இடங்கள்தான் உங்கள் கடல். ஆகவே மாதத்தை முடிவு செய்த பிறகுதான் தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகிலேயே தங்கிச் செல்லும் சஃபாரியில் போனால் அட்டோல் விட்டு அட்டோல் மாறலாம்.

நம்பிக்கை: படத்தில் பார்த்த வண்ணப் பவழம் எங்கும் இருக்கும்.

1998லும் 2016லும் கடல் சூடேறி, மாலத்தீவின் ஆழமற்ற பவழங்களில் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. சில திட்டுகள் மீண்டு வந்தன, சில இன்னும் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. மாலத்தீவுக்கு மீனுக்காகப் போங்கள் என்பேன். பவழத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நம்பிக்கை: கடைசி நாள் காலையிலும் ஒரு டைவ் அடித்துவிட்டு விமானம் ஏறலாம்.

கூடவே கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரமாவது ஆகும். ரிசார்ட்டிலிருந்து மாலேவுக்குப் பறக்கும் கடல் விமானமும் விமானம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் டைவிங் மையத்துக்கு இரண்டு கேள்விகள் எழுதி அனுப்புங்கள். நான் வரும் வாரத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம்? என் அனுபவத்துக்கு எந்தெந்த இடங்களுக்கு அழைத்துப் போவீர்கள்? இடத்தின் பெயரைச் சொல்லிப் பதில் எழுதுகிற மையத்தில் பணம் கட்டுங்கள். “எல்லா மாதமும் சூப்பர்” என்று பதில் வந்தால் வேறு மையத்தைத் தேடுங்கள்.