பழவேற்காட்டில் தேநீர் வைக்கும் தங்கைக்கு



ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைக் கற்றுக்கொண்டு பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்துக்கே திரும்பிவிட்டாய். செர்ரிப் பூவும் பனிப்பொழிவும் இல்லாத ஊரில் பருவத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறாய். கியோட்டோவின் பருவத்தை இங்கே இழுத்துவராதே. உனக்குப் பஞ்சாங்கம் உன் ஏரிதான்.

அங்கே நவம்பரில் தரையில் பதித்த அடுப்பைத் திறப்பார்கள். மே மாதம் அதை மூடிவிட்டுக் கணப்புச் சட்டியை விருந்தாளிக்கு எட்டத்தில் வைப்பார்கள். குளிருக்கு நெருப்பு பக்கத்தில், வெக்கைக்குத் தள்ளி, அவ்வளவுதான் காரணம். உனக்கு வருஷம் முழுக்கக் கணப்புச் சட்டி போதும். சித்திரை, வைகாசியில் விடியுமுன்னே கரி மூட்டி, வெயில் ஏறுவதற்குள் விருந்தை முடி. ஜப்பானிலும் கோடையில் அதிகாலைத் தேநீர் உண்டு. ஆழமில்லாத, வாயகன்ற கிண்ணம் எடு, சூடு சீக்கிரம் ஆறும். தண்ணீர்ச் சாடியை மூடப் பச்சை இலை போடும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் உராசென்கே தேநீர் மரபின் கெங்கென்சாய் கொண்டுவந்தார். உனக்குப் பூவரசு இலை இருக்கிறது. கழுவி, ஈரம் சொட்டச் சொட்டப் போடு. தேநீருக்கு முன்னால் கொடுக்கும் இனிப்பு நுங்கு. பூநாரைகள் இறங்கும் மார்கழி, தையில் ஆழமான கிண்ணம், வேகவைத்த பனங்கிழங்கு, பனங்கற்கண்டு.

தண்ணீரில் மட்டும் சமரசம் வேண்டாம். உப்பேறிய நிலத்தடி நீர் மாட்சாத் தேயிலைத் தூளின் மணத்தைக் கெடுத்துவிடும். சவுக்குக் கரியை முன்கூட்டியே கழுவித் தூசி போக்கிக் காயவை, இல்லாவிட்டால் பொறி தெறிக்கும்.

தேநீர்ச் சிமிழுக்கு உறை தைக்க ஜப்பானிலிருந்து பட்டு வரவழைக்கலாமா என்றாய். எதற்கு? டச்சுக்காரர்கள் 1613இல் உன் ஊரில் கெல்ட்ரியா கோட்டை கட்டியதே துணி வியாபாரத்துக்குத்தான். சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் அவர்கள் கப்பலில் ஜப்பான் வரை போயின. அங்கே தேநீர்க் குருமார் இந்தியச் சாயத்துணியைச் சராசா என்று கொண்டாடி, சின்னத் துண்டைக்கூட வீணாக்காமல் உறை தைத்தார்கள். சீகாளத்தியில் இன்றும் கலம்காரி எழுதுகிறார்கள். அரை மீட்டர் வாங்கு. அலசி விறைப்புப் போன பிறகு தை, அப்போதுதான் சிமிழின் தோளில் படியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தேநீர் அறையில் பூ வைக்கும் கூடையைப் பற்றி. தேநீர்க் குரு சென் நோ ரிக்யூ (1522–1591) கட்சுரா ஆற்று மீனவர் ஒருவரின் மீன்கூடையைக் கேட்டு வாங்கி அதில் பூ வைத்தார் என்பது தேநீர் மரபில் வழங்கும் செய்தி. உன் ஏரியில் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள் பல்லில் கவ்விக்கொள்ளும் பறி என்னும் பனையோலைக் கூடையைக் கிட்டத்தில் பார். விளிம்பில் பல் பதிந்த தடம், சேறு ஊறிக் கறுத்த ஓலை, அவிழ்ந்த இடத்தில் நைலான் நூலால் போட்ட முடிச்சு. அதற்குள் சின்ன மூங்கில் குழாயில் தண்ணீர் விட்டு, மணலில் படரும் அடம்பங்கொடியிலிருந்து காலையில் பறித்த ஒரே ஒரு பூவை வை. வேறு எதுவும் சேர்க்காதே.

ஆனால் அந்தப் பறியை நியாயமான விலை கொடுத்து வாங்கு. கொடுத்த பெண்ணை முதல் விருந்தாளியாக உட்கார வை, ஊரில் யார் என்ன சொன்னாலும் சரி. ஒருத்தியின் பிழைப்புக் கருவியை அழகுக்கு வைத்துவிட்டு அவளை வாசலோடு அனுப்புகிற வீட்டில் நான் தேநீர் குடிக்கமாட்டேன்.

விருந்து நேரத்தை வருகிறவர்களைக் கேட்டுக் குறி. வலைக்காரர்கள் என்றால் அவர்கள் பாடு, அதாவது ஏரியில் வலை போடும் முறை, வராத நாள், இறால் தடவுகிறவர்கள் என்றால் தண்ணீர் ஏறி நிற்கும் நேரம். முழங்கால் மடித்து உட்காரச் சொல்லாதே, சம்மணம் போடட்டும். கிண்ணத்தை எப்படித் திருப்புவது என்று பாடம் நடத்தாதே. நீ ஒழுங்காகச் செய்தால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “கசக்குதேம்மா” என்றால் விளக்கம் சொல்லாமல் இன்னொரு துண்டு கற்கண்டைக் கையில் கொடு.

அன்புடன்,
அக்கா